லேமினேட் செய்த ஆரோக்கியம்

ஒரே வீட்டில் பெண் எடுத்து, ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஒரே கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் மாடியிலும் குடியிருக்கும் இரண்டு ஆண்களில் ஒருவராவது பேசாதவராக இருந்துவிட்டால் சண்டை வராது என்று நினைப்போம். பெரிய மாப்பிள்ளை பேசாதவர். சண்டை வரவில்லைதான். வெளியே வர வேண்டியதெல்லாம் உள்ளேயே தங்கி, ஆறு வருடமாக அவருக்கு நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. அதற்குச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வந்தார்.

அவர்கள் தொழிற்சாலையில் மேசைவிரிப்பு, குளியலறைத் திரை, மழைக்கோட்டு ஆகியவற்றுக்கான பிளாஸ்டிக் ஷீட் தயாரானது. பிளாஸ்டிக் தூள் இயல்பிலேயே விறைத்துக்கொள்கிற சாதி. அதைக் கைக்குட்டை மாதிரி மடங்க வைப்பது ஓர் எண்ணெய். அதன் முழுப்பெயர் பீப்பாயின் மேல் ஒன்றரை வரிக்கு அச்சடித்திருக்கும். படித்து முடித்தவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் அது வெறும் எண்ணெய்தான். தூளையும் எண்ணெயையும் சூடேற்றிக் கலக்கும் மிக்சருக்குப் பக்கத்தில்தான் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் வேலை.

பெரிய மாப்பிள்ளை கையுறை போடுவார். முகமூடி போடுவார். சாப்பிடப் போகும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பார். ஆபரேஷன் முடிந்ததா, நோயாளி பிழைத்தானா என்று மற்றவர்கள் விசாரிப்பார்கள். சின்ன மாப்பிள்ளைக்கு வெறுங்கைதான். கலவை இறங்கும்போது ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் நசுக்கி, கண்ணை மூடி, இன்னும் அரை நிமிஷம் என்பார். அரை நிமிடம் கழித்து எடுத்தால் ஷீட் வெண்ணெய் மாதிரி வரும். பெரிய மாப்பிள்ளை வெப்பமானியைப் பார்த்து எடுத்தாலும் அதே வெண்ணெய்தான் வரும். ஆனால் முள்ளைப் பார்த்து வேலை செய்பவனை யார் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள்? பெரிய மனிதர்கள் யாராவது சுற்றிப்பார்க்க வந்தால் மேனேஜர் நேராகக் கூட்டிவந்து காட்டுவது சின்ன மாப்பிள்ளையின் கையைத்தான்.

அந்தக் கைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெரிய மாப்பிள்ளை. வாங்கிக் கொடுத்து நாலு வருடத்தில் அது ஷிப்ட் லீடர் ஆகிவிட்டது. இப்போது இவர் அவரிடம் போய் லீவு கேட்டு நிற்க வேண்டும். அதையும் செரித்துக்கொண்டார். செரிக்க முடியாதது வேறு. சின்ன மாப்பிள்ளைக்குக் கல்யாணமான மறு வருடமே பெண் குழந்தை பிறந்தது. இவருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். இன்னும் எதுவும் இல்லை.

அது பற்றி அவரை யாரும் கேட்டதில்லை. கேள்வி முழுக்க அவர் மனைவிக்குப் போயிற்று. ஸ்கேன், ஊசி, ரத்தம், இதைச் சாப்பிடு, அதைத் தூக்காதே எல்லாம் அவளுக்குத்தான். மாமியார் வேறு ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வார். விசேஷம் உண்டா என்று பெரிய மகளிடம் கேட்பார். இல்லை என்றதும் போனிலேயே சூடு தெரிகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, சரி தங்கச்சிகிட்டக் கொடு என்பார். உங்கள் வீட்டுக்காரரும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளட்டுமே என்று ஆஸ்பத்திரியில் இரண்டு முறை சொன்னார்கள். இரண்டு முறையும் பெரிய மாப்பிள்ளைக்கு ஓவர்டைம் வந்துவிட்டது.

இந்த நிலையில், கடல் தாண்டி ஷீட் வாங்குகிற கம்பெனி ஒன்று ஒரு கேள்வி கேட்டு எழுதியது. உங்கள் தொழிலாளர்களின் உடம்பில் இந்த எண்ணெய் எவ்வளவு ஏறியிருக்கிறது?

மேனேஜர் ஆடிப்போனார். எந்த விஷயத்தையும் லேமினேட் செய்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று நம்புகிறவர் அவர். 'பாதுகாப்பே நம் மூச்சு' என்று பெரிய எழுத்தில் லேமினேட் செய்து மிக்சருக்கு நேர் மேலே மாட்டியிருந்தார். அந்த இடத்தில்தான் புகை உறிஞ்சும் குழாய் வர வேண்டும் என்று பழைய திட்டம் ஒன்று உண்டு. மூச்சு வந்துவிட்டதால் குழாய் வரவில்லை.

மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டரம்மாவை வரவழைத்தார்கள். அவர் சாப்பாட்டு அறையில் எல்லோரையும் உட்கார வைத்து நிதானமாகப் பேசினார். இந்த எண்ணெய் ஆளை ஒரே நாளில் சாய்த்துவிடாது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் துளித்துளியாக உள்ளே போகும். ஹார்மோன்கள் மூலமாக உடம்பு தனக்குத்தானே சொல்லி அனுப்புகிற சேதிகளுக்கு நடுவே புகுந்து குழப்பும். ஆண்களுக்கு ஆண் ஹார்மோன் குறையலாம், விந்தின் தரம் குறையலாம். பெண்களுக்கு மாதவிடாய் முறை தவறலாம், கரு தங்காமல் போகலாம். 'லாம்' போட்டுத்தான் சொல்கிறேன், யாருக்கு எவ்வளவு என்று அளந்து பார்க்கத்தான் வந்தேன் என்றார். இத்தனையில் ஆண் ஹார்மோன் என்ற இரண்டு சொற்கள் மட்டும் அத்தனை பேர் காதிலும் தெளிவாக விழுந்தன. மிச்சமெல்லாம் மின்விசிறிச் சத்தத்தோடு போயிற்று.

ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். அதில் சிறுநீருக்கு ஒரு பாட்டில், எச்சிலுக்கு ஒரு குழாய். சிறுநீரில் எண்ணெயை அளப்பார்கள், எச்சிலில் ஹார்மோனை. காலையில் எழுந்ததும் வீட்டிலேயே எடுத்து, ஃபிரிட்ஜில் வைத்து, வேலைக்கு வரும்போது கொண்டுவர வேண்டும். பெயர் எழுதக் கூடாது, எண் போட்ட ஸ்டிக்கர் மட்டும். பெரிய மாப்பிள்ளைக்குப் பதினேழு, சின்ன மாப்பிள்ளைக்குப் பதினெட்டு.

அன்று சாயங்காலத்துக்குள் அது பரீட்சையாகிவிட்டது. யார் முதல் மார்க், யார் பெயில் என்று பேச்சு. சின்ன மாப்பிள்ளை பைக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, "எனக்குக் கொஞ்சம் பெரிய மெஷினா கொண்டாரச் சொல்லுங்கப்பா, இருக்கறது தாங்காது" என்றார். கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டிருந்த ஒருவன் திரும்பிப் பெரிய மாப்பிள்ளையைப் பார்த்தான். அவ்வளவுதான்.

இரண்டு குடும்பத்துக்கும் ஃபிரிட்ஜ் ஒன்றுதான், கீழ்த்தளத்தில். மறுநாள் காலை தண்ணீர் எடுக்கப் போன பெரிய மாப்பிள்ளை அதன் கதவைத் திறந்தபடியே நின்றார். பால் பாக்கெட்டுக்கும் தக்காளிக்கும் நடுவே பதினேழும் பதினெட்டும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தன. குளிரில் வியர்த்துப்போயிருந்ததால் ஸ்டிக்கர்கள் நகம் பட்டதும் உரிந்து வந்தன. நாலே ஸ்டிக்கர், ஒரு நிமிட வேலை. திருடுகிறோம் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. ஒரு தகப்பனின் எச்சில் நிச்சயம் பாஸாகும் என்றுதான் நினைத்தார். தன் எச்சிலை நம்ப அவரிடம் ஒரு காரணமும் இல்லை.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா அவரை முதலுதவி அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஹார்மோன் முப்பத்தொண்ணு. உங்க வயசுக்கு இந்த டெஸ்ட்ல ஐம்பதுக்குக் கீழ வரக்கூடாது" என்றார். "எண்ணெய் சாதாரண ஆளுக்கு இருக்கறதுல எட்டு மடங்கு."

பெரிய மாப்பிள்ளைக்கு முதலில் வந்தது சந்தோஷம். அந்தக் கொடி கட்டிப் பறக்கிற ஆளுக்கு முப்பத்தொன்று! ஆறு வருடத்து நெஞ்செரிச்சல் மாத்திரை இல்லாமலே அடங்கியது. இரண்டாவதாகத்தான், அந்த முப்பத்தொன்று இப்போது தன் பெயரில் உட்கார்ந்திருக்கிறது என்பது உறைத்தது.

வெறுங்கையால் கலவையைத் தொடுவீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். பதினோரு வருடமாக ஒரு நாள் கூடக் கையுறை கழற்றாதவர், ஆமாம், உருட்டிப் பார்ப்பேன் என்றார். கழித்துப் போட்ட ஷீட்டை வீட்டுக்கு எடுத்துப்போவது உண்டா? மாடி வீட்டில் சாப்பாட்டு மேசையிலிருந்து குழந்தையின் படுக்கை வரை ஷீட்தான். உண்டு என்றார். சாப்பிடும் முன் கை கழுவும் பழக்கம் இருக்கிறதா? இங்கே அவர் சோப்பில் வெளுத்த கைகளை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார். "எப்பவாவது" என்றார். வாழ்க்கையில் அவர் இவ்வளவு அவமானப்பட்டதில்லை.

மிக்சரிலிருந்து விலக்கி அவரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லி டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். குழந்தை இல்லை என்று தெரிந்ததும், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். "உங்க வீட்ல சொல்லுங்க. எல்லாத்தையும் அவங்க ஒருத்தரே சுமக்க வேண்டியதில்ல."

வீட்டில் சொல்லாமல் இருக்க வழியில்லை. இடமாற்றம் ஊருக்கே தெரிந்துவிட்டது. மனைவி சீட்டை இரண்டு முறை படித்தாள். அழவுமில்லை, குத்திக்காட்டவுமில்லை. அடுத்த ஞாயிறு போன் வந்தபோது, "குறை எனக்கு மட்டும் இல்லம்மா, அவருக்கும்தான். வேலை செய்யற இடத்து எண்ணெயாம்" என்றாள். அதன் பிறகு மாமியார் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டுமே கேட்டார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவள் மத்தியானத்தில் படுத்துத் தூங்கினாள்.

சின்ன மாப்பிள்ளைக்கு வந்தது ஐம்பத்திரண்டு. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் காட்டினார். விஷயம் மேனேஜர் காதுக்குப் போயிற்று. பீப்பாய் எண்ணெயில் தினமும் கை நனைக்கிறவருக்கே ஒன்றும் ஆகவில்லை என்றால் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? நாலே நாளில் வாசலில் ஓர் ஆள் உயரத்துக்குப் போஸ்டர் ஏறியது. இரண்டு உள்ளங்கையையும் விரித்துக்கொண்டு சின்ன மாப்பிள்ளை சிரித்தார். கீழே பொன்னிறத்தில் எழுதியிருந்தது: 'வெறுங்கை! 52! சிறப்பு! எண்ணெய் நம் நண்பன்!' வழக்கம்போல லேமினேட் செய்திருந்தார்கள். புகை உறிஞ்சும் குழாய்க்கான கோப்பை மேனேஜர் அன்றே மூடினார். ஒரு வாரத்தில் ஷிப்டில் கையுறை போடுகிறவர்கள் நாலு பேராகக் குறைந்தார்கள். அதிலும் இருவருக்குக் கையில் வெட்டுக்காயம்.

பெரிய மாப்பிள்ளை தினமும் இரண்டு முறை அந்தப் போஸ்டரைத் தாண்ட வேண்டியிருந்தது. அது அவருடைய எண். கையுறைக்குள் வெந்து, சோப்பில் தேய்ந்து, பதினோரு வருடம் கேலி கேட்டுச் சம்பாதித்த எண். அது இன்னொருவரின் உள்ளங்கைக்குக் கீழே மின்னிக்கொண்டிருந்தது. அடுத்தவன் வீட்டைப் பார்த்தும் வண்டியைப் பார்த்தும் வயிறு எரிந்தவர்கள் உலகத்தில் ஏராளம். தன் சொந்த எச்சிலைப் பார்த்தே வயிறு எரிந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

போதாக்குறைக்குச் சின்ன மாப்பிள்ளை அவர்மேல் பரிவு காட்டத் தொடங்கினார். ஷிப்ட் முடிந்து பழம் வாங்கி வந்தார். தோளில் கை போட்டார். "மனசை விட்றாதீங்கண்ணே. காலையில கொஞ்சம் நடங்க, காத்து வாங்குங்க. சரியாயிடும். எனக்கெல்லாம் பொறவியிலேயே அமைஞ்சுபோச்சு, என்ன பண்றது" என்றார்.

அன்றிரவு மாத்திரை இரண்டு போட்டும் கேட்கவில்லை. மறுநாள் விடுமுறை. மத்தியானம் மனைவி துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"அந்த ஐம்பத்திரண்டு என்னோடது."

அவள் மடித்த சட்டையைக் கீழே வைத்தாள். அவர் ஸ்டிக்கர் கதையைச் சொல்லி முடித்தார்.

"சரி, இதை ஏன் இப்ப சொல்றீங்க?"

"அவன் உடம்பு கெட்டுட்டிருக்கு. அந்தப் போஸ்டரைப் பார்த்து மத்தவங்களும் கையுறை போடறதில்ல."

"அதுக்காகவா?"

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். ஒன்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் எவ்வளவு நேரம் தரையைப் பார்க்க முடியும்?

"அது என் நம்பர்" என்றார்.

"வாங்கிட்டு வந்து எங்க மாட்டப்போறீங்க? வாசல்லயா?" அவள் குரல் ஏறவில்லை. "உங்களுக்கு எல்லாம் நல்லா இருக்குன்னு தெரிஞ்சா, அடுத்த ஞாயித்துக்கிழமை போன் யாருக்கு வரும்னு யோசிச்சீங்களா?"

அவர் யோசிக்கவில்லை. ஆறு வாரமாகப் போஸ்டரைப் பற்றி யோசிக்கவே நேரம் சரியாக இருந்தது.

அவள் மேலே பார்த்தாள். மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தங்கைக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது என்றும், அவளும் தன்னைப் போலவே மாத்திரை விழுங்குகிறாள், வெளியே யாருக்கும் தெரியாது என்றும் தாழ்ந்த குரலில் சொன்னாள். அங்கே போஸ்டரில் ஒருத்தர் சிரிக்கிறார், மேலே ஒருத்தி அழுகிறாள், இதில் உங்கள் நம்பர் ஒன்றுதான் குறைச்சல் என்றாள். பிறகு சட்டையை மறுபடி எடுத்து மடித்தாள்.

"போய் டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க. எனக்காகப் பார்க்காதீங்க. நான் ஆறு வாரம் தூங்கிட்டேன்."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் குறையும் என்பதைப் பெரிய மாப்பிள்ளை அன்று தெரிந்துகொண்டார். அறுபது பேரின் மாதிரிகளை வைத்து நடத்தும் ஆய்வு அது. இரண்டு பாட்டில் மாறியதில் முடிவே தலைகீழாகியிருக்கிறது. இருவரிடமும் தன் கண்முன்னாலேயே மறுபடி எடுத்தார். பழைய எண்கள் யாருடையவை என்பது அதில் உறுதியாகிவிட்டது.

திருத்திய சீட்டில் ஐம்பத்திரண்டைப் பார்த்ததும் பெரிய மாப்பிள்ளையின் முதுகு தானாக நிமிர்ந்தது. டாக்டரம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"இதைச் சிறப்புன்னு யார் சொன்னது? பாஸ் மார்க்கே ஐம்பது. இத்தனை கையுறை, முகமூடி, சோப்பு எல்லாம் போட்டும் ரெண்டு மார்க்லதான் தப்பிச்சிருக்கீங்க. உங்களுக்கும் எண்ணெய் மூணு மடங்கு இருக்கு. அந்த ஹால்ல காத்துலயே இருக்கறப்போ கையுறை எவ்வளவைத் தடுக்கும்?"

குழந்தை இல்லாததற்கு இதுதான் காரணம் என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். இரண்டு பேரும் மிக்சர் பக்கம் நிற்கக் கூடாது என்பதை மட்டும் அடித்துச் சொல்லலாம் என்றார். எண்ணெய் ஊறிய சீருடையை வீட்டில் யார் துவைப்பது என்று கேட்டார். மனைவிகள் என்றதும், அவர்களையும் வரச் சொல்லுங்கள் என்று எழுதிக்கொண்டார். சகலையிடம் விஷயத்தை நீங்களே சொல்ல வேண்டும், அது என் வேலையில்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

பேக்கிங் பிரிவில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே சின்ன மாப்பிள்ளையை உட்கார வைத்துச் சொன்னார். அடி விழும் என்று எதிர்பார்த்துக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார். விழவில்லை. சின்ன மாப்பிள்ளை தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த முப்பத்தொண்ணு..."

"உன்னோடது தம்பி."

சின்ன மாப்பிள்ளை கைகளை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"போன வாரம் என் வீட்டுக்காரிகிட்டச் சொன்னேண்ணே. எனக்கு ஐம்பத்திரண்டு, குறை உங்கிட்டதான், ஒழுங்கா மாத்திரையைப் போடுன்னு. போஸ்டர் போட்டோவைக் காட்டியே சொன்னேன்."

பெரிய மாப்பிள்ளை பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சின்ன மாப்பிள்ளை எழுந்து, பெட்டிகளையும் ஜன்னலையும் காற்று வருகிற திசையையும் சுற்றிப் பார்த்தார்.

"ஒன்றரை மாசமா என் இடத்துல உக்காந்திருக்கீங்க" என்றார்.

மேனேஜர் கடைசி வரை போராடினார். எண்ணை மட்டும் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடலாம், போட்டோ அருமையாக வந்திருக்கிறது என்றார். டாக்டரம்மாவின் அறிக்கை நேராகக் கடல் தாண்டிப் போகிறது என்று தெரிந்ததும்தான் குழாய்க் கோப்பைத் திறந்தார். அதற்குள் சின்ன மாப்பிள்ளை தானே ஏறிப் போஸ்டரைக் கிழிக்கப் பார்த்தார். லேமினேட் செய்தது கிழியவில்லை. சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லோர் முன்னாலும் நின்றார். "என் நம்பர் முப்பத்தொண்ணு. இந்தக் கையாலதான் வந்தது. கையுறை போடாதவன் நாளைலருந்து என் ஷிப்ட்டுக்கு வரவேணாம்" என்றார். பெரியவர் ஒருவர் வந்து அவர் தோளைத் தட்டினார். என்ன தைரியம், யாருக்கு வரும் இந்த மனசு என்று கேன்டீனில் ஒரு வாரம் அதே பேச்சு. மறுநாள் எல்லோர் கையிலும் கையுறை இருந்தது.

பெரிய மாப்பிள்ளையின் கையில் மெமோ இருந்தது. மாதிரியில் மோசடி செய்ததற்காக. முப்பத்தொன்றைக்கூட அந்த ஆள் மெடலாக மாற்றிக்கொண்டுவிட்டாரே என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் போன் செய்தார். சின்ன மகள் சொல்லி விஷயம் பாதி தெரிந்திருந்தது. அக்காவும் தங்கையும் ஒரே சோபாவில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அக்காதான் பேசினாள். இரண்டு மாப்பிள்ளைக்கும் எண்ணெய் ஏறியிருக்கிறது, இரண்டு பேரையும் மிக்சரிலிருந்து எடுத்துவிட்டார்கள், நாங்கள் இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்றாள். போனிலிருந்து ஒரு கேள்வி வந்தது. தள்ளி நின்ற பெரிய மாப்பிள்ளைக்கும் அது கேட்டது. ரெண்டு பேர்ல யாருக்கும்மா பரவாயில்ல?

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றாள்.

ஒன்றா? இருபத்தொன்று வித்தியாசம். முழுசாக இருபத்தொன்று. பெரிய மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். ஒன்பது வருடத்தில் அவளுக்காக அவர் செய்த முதல் காரியம் அது. அதற்கே அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.